பேஸ்போல் குணம் அண்ணையும் ஒரு பனைமட்டையும்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு மரக்கறிக் கடையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் குணம் அண்ணை போய்விட்ட செய்தி எனக்கு வந்தது. ஊர்ச் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் அவருடைய படம், அதன் கீழே ஒரு நீளமான வசனம். "லண்டன் மிச்சம் பகுதியில் வசித்தவரும், ஆசியாவின் முதல் பேஸ்போல் ஆட்டம் யாழ்ப்பாண மண்ணில் நடந்தது என்பதைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவருமான திரு. குணநாயகம் அவர்கள் இன்று காலை இறைபதம் அடைந்தார்." முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை அதற்குப் பிறகு வந்தது. கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அக்கா, ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டு, வெண்டிக்காயை அங்கேயே போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அந்த வசனத்தில் பெயரும் ஊரும் இறப்பும் உண்மை. பேஸ்போல் பற்றியது பொய். அந்தப் பொய்யைக் கட்டியவர் குணம் அண்ணை. அச்சில் போட்டவள் நான். அதைத் திருத்தச் சொல்லி அவர் பல வருடங்கள் என்னிடம் கேட்டார். அவர் உயிரோடு இருந்தவரை நான் திருத்தவில்லை. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு, முதலில் இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அவர் என்னை விடமாட்டார்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அவருடைய கேள்வி நினைவிருக்கும். "ஆர் சொன்னது?" செத்த வீட்டிலும் கேட்பார். ஒருமுறை ஒருவர், "அவரைப்போல தங்கமான மனிசன் இல்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தபோது, குணம் அண்ணை மெல்லக் குனிந்து, "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்கள் அவரோடை எவ்வளவு காலம் பழகினனீங்கள்?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த குணம் அண்ணையின் மனைவி புவனா அக்கா அவருடைய தொடையில் கிள்ளியதை நான் பார்த்தேன். அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பித்தான் கேட்டார். ஆனால் இப்படிக் கேட்கிற மனிதர் பிறவியிலேயே அப்படி இருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொய்க்குப் பிறகுதான் அவர் அப்படி ஆனார்.

அமெரிக்கர்கள் ஆடும் மட்டைப்பந்துதான் பேஸ்போல். பந்தை அடித்துவிட்டு நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வரவேண்டும் என்பதற்கு மேல் எங்களில் ஒருவருக்கும் அதைப் பற்றி எதுவும் தெரியாது. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்து மனிதர் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று நானே அவரிடம் கேட்டிருக்கிறேன். காரணம் மிச்சம் பகுதியில் இருந்த ஒரு பெற்றோல் நிலையம். அகதியாக வந்து அவர் சேர்ந்த முதல் வேலை அது. முதல் நாள் முதலாளி, அவரும் எங்கள் ஆள்தான், மேசைக்குக் கீழே கையை விட்டு ஒரு தடித்த மரக்கட்டையை எடுத்துக் காட்டினாராம்.

"இது பேஸ்போல் அடிக்கிற பற். ஆரும் சண்டைக்கு வந்தால் தூக்கிக் காட்டும். அடிச்சுப்போடாதையும்."

"பந்து எங்கை?"

"பந்து என்னத்துக்கு உமக்கு?"

லண்டனில் அந்தக் காலத்தில் பல கடைகளில் மேசைக்குக் கீழே அந்த மட்டை இருந்தது. பந்து ஒரு கடையிலும் இருக்கவில்லை. குணம் அண்ணைக்கு அது பொறுக்கவில்லை. வேலை முடிந்து போகும் வழியில் விளையாட்டுச் சாமான் கடைகளில் ஏறி இறங்கி, "இந்த மட்டைக்கு உரிய பந்து இருக்கிறதா?" என்று கேட்டுத் திரிந்தார். மட்டை மிரட்டுவதற்கு மட்டும்தான் என்று இருந்த முதலாளிமாருக்கு இது பெரிய பகிடி. 'பேஸ்போல் குணம்' என்ற பட்டம் அப்படித்தான் வந்தது. பேஸ்போல் பற்றி அவருக்கு ஒன்றுமே தெரியாத காலத்தில் வைத்த பெயர் அது.

இனி அந்தப் பொய். ஒரு வருடம் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் ஆசிரியராக இருந்தேன். எல்லாப் பக்கங்களும் அச்சகத்துக்குப் போய்விட்டன. கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வரவில்லை. அரைப் பக்கம் வெள்ளையாக நின்றது. "ஒரு மணித்தியாலத்திலை அனுப்பாட்டில் அடுத்த கிழமைதான்" என்றார் அச்சகக்காரர். விழாவோ அந்தச் சனிக்கிழமை. மலருக்கு 'உங்களுக்குத் தெரியுமா?' என்ற தலைப்பில் துணுக்குகள் எழுதித் தருகிறவர் குணம் அண்ணைதான். வண்ணத்துப்பூச்சி காலால் சுவை அறியும் என்ற வகைத் துணுக்குகள். பெற்றோல் நிலையத்துக்கே தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, அரைப் பக்கத்துக்கு ஏதேன் சொல்லுங்கோ. இப்பவே வேணும். எங்கடை ஊரோடை சம்பந்தப்பட்டதா இருந்தால் நல்லது."

"எங்கடை ஊரோடையோ?" என்று கொஞ்சம் யோசித்தார். யாரோ ஒருவருக்கு மிச்சக் காசு கொடுக்கும் சத்தம் கேட்டது. "சரி, எழுதும் பிள்ளை. அமெரிக்க மிஷன்காரர் யாழ்ப்பாணத்துக்கு வந்த புதிசிலை, பள்ளிக்கூடப் பிள்ளையளுக்குப் பேஸ்போல் பழக்கினவை. மட்டை இல்லாதபடியாலை பனைமட்டையைச் சீவி எடுத்தவை. பந்துக்குத் தென்னந்தும்பைச் சுத்தினவை. ஆசியாவிலேயே முதல் பேஸ்போல் அதுதான்."

"மெய்யே அண்ணை?"

"மிஷன்காரர் வந்தது மெய்."

"மற்றது?"

"ஆர் பிள்ளை வந்து கேக்கப்போகினம்? போடும்."

போட்டேன்.

அந்த மலரில் நல்ல கட்டுரைகள் இருந்தன. நான் மூன்று நாள் இருந்து எழுதிய தலையங்கமும் இருந்தது. ஒருவரும் அவற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. விழா மண்டபத்தில் வடை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் பனைமட்டையைப் பற்றித்தான் பேசினார்கள். அடுத்த மாதம் ஒரு தமிழ் வானொலியில் அது வந்தது. பிறகு ஊரில் ஒரு பத்திரிகை அதை எடுத்துப் போட்டது. பிறகு அந்தப் பத்திரிகையை ஆதாரம் காட்டி இங்கே ஒருவர் மேடையில் பேசினார். சங்கத்தின் கோடை விளையாட்டு விழாவில் பிள்ளைகளுக்கு ஒரு 'பனைமட்டைக் கிண்ணம்' வந்தது. என்னுடைய மகன் பள்ளிக்கூடத்தில் 'என் பெற்றோரின் ஊர்' என்று ஒரு செயல்திட்டம் செய்தான். பனைமட்டைப் பேஸ்போலைப் படமாகவே வரைந்து கொண்டுபோய் முதல் பரிசுச் சான்றிதழோடு வந்தான். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். அன்றைக்கு மாட்டும்போது எனக்குத் தெரியும், அது பொய் என்று.

"அது ஓடினது என்ரை கெட்டித்தனத்தாலை இல்லைப் பிள்ளை" என்று குணம் அண்ணை பின்னால் ஒருநாள் சொன்னார். "பனைமட்டையாலை. கையிலை பிடிச்சுப் பாக்கக்கூடிய ஒரு சாமானைக் கதைக்குள்ளை வைச்சிட்டன். சனம் அதைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை."

அவரை உலுக்கியது ஒரு மின்னஞ்சல். அமெரிக்காவில் பேஸ்போல் வரலாற்றைத் தேடித் திரியும் ஒரு கிழவர் சங்கத்துக்கு எழுதியிருந்தார். மிகவும் மரியாதையான கடிதம். நீங்கள் சொல்லும் காலத்தில் அமெரிக்காவிலேயே இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதப்பட்டிருக்கவில்லை, ஆகவே நீங்கள் சொல்வது உண்மையானால் நாங்கள் வரலாற்றையே மாற்றி எழுதவேண்டும், தயவுசெய்து ஆதாரத்தை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். சங்கத் தலைவர் துள்ளிக் குதித்தார். "பாத்தீங்களோ, வெள்ளைக்காரன் வரலாற்றை மாத்தி எழுதப்போறான்!" ஆதாரம் கேட்ட வரி அவருடைய கண்ணில் படவே இல்லை.

குணம் அண்ணை அன்றைக்கே அந்தக் கிழவருக்குப் பதில் எழுதினார். அது நான் கட்டியது, மன்னிக்கவேண்டும் என்று இரண்டு வரி. கிழவர் கோபிக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்படி ஒருவர் தானாக ஒப்புக்கொண்டு எழுதியதை முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று பதில் போட்டு, பனைமட்டை என்றால் என்ன என்றும் கேட்டிருந்தார். அதிலிருந்து இரண்டு பேரும் சிநேகிதர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குணம் அண்ணை டிராமும் பஸ்ஸும் பிடித்து என்னுடைய வீட்டுக்கு வந்தார். தேநீர் குடிக்க முதலே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"திருத்தம். அடுத்த மலரிலை போடும். அதே அளவு எழுத்திலை, அதே அளவு இடத்திலை. பொய் அரைப் பக்கம் எண்டால் திருத்தமும் அரைப் பக்கம்."

நான் தாளை வாங்கி மேசையில் வைத்தேன். சுவரில் மகனுடைய சான்றிதழ் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். "பாப்பம் அண்ணை" என்றேன். அடுத்த மலர் வந்தது, திருத்தம் வரவில்லை. இடம் இல்லை என்றேன். அதற்கடுத்த வருடம் சங்கத்துக்கு ஆண்டு நிறைவு, இந்த நேரத்தில் வேண்டாம் என்றேன். பிறகு ஒரு வருடம் தாள் தொலைந்துபோனது என்றேன். அவர் இன்னொன்று எழுதிக்கொண்டு வந்தார். உண்மையான காரணத்தை இப்போது சொல்கிறேன். ஆசிரியர் பொய் போட்டவள் என்று சனம் சொல்லும் என்று பயந்தேன். மகனிடம் என்ன சொல்வது என்றும் பயந்தேன். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. அந்தக் கதை எனக்குப் பிடித்திருந்தது.

திருத்தம் வராத அந்த வருடங்களில் அவர் சும்மா இருக்கவில்லை. "கட்டினது நான். அது மெய்யா இருந்திருக்குமோ எண்டு தேடிப் பாக்கிறதும் என்ரை வேலைதான்" என்று சொல்லி, வேலையில்லாத ஒவ்வொரு வியாழக்கிழமையும் நகர நடுவில் உள்ள பெரிய நூலகத்துக்குப் போனார். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரிகளின் கடிதங்களையும் அறிக்கைகளையும் பக்கம் பக்கமாக வாசித்தார். பள்ளிக்கூடம் கட்டியது இருந்தது. பிள்ளைகள் செத்தது இருந்தது. "கிணறு இருக்கு, காய்ச்சல் இருக்கு, வெக்கை இருக்கு. பந்து மட்டும் இல்லைப் பிள்ளை" என்று தொலைபேசியில் சொல்வார். அவர் தேடியது கிடைக்கவில்லை. தேடாதவை எல்லாம் கிடைத்தன.

அவற்றுக்கு ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் மூன்று சொற்களில் ஒன்று இருக்கும். தானே தாளில் பார்த்தது என்றால் 'கண்டது'. யாரோ சொன்னது என்றால் 'கேட்டது'. மூன்றாவது சொல் 'கட்டியது'. அந்த மூன்றாவது சொல்லுக்கு எதிரே ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அது என்ன என்று உங்களுக்கே தெரியும்.

அவர் சொன்னவற்றில் நினைவில் நிற்கிறவற்றைத் தருகிறேன். அமெரிக்காவின் ஆட்டம் என்று உலகம் நினைக்கும் பேஸ்போலின் பெயர், அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பே லண்டனில் அச்சான ஒரு சிறுவர் புத்தகத்தில் படத்தோடு இருக்கிறது. பேஸ்போலில் முதலாவது உலகப் பட்டம் என்று பிறகு எண்ணப்பட்ட போட்டியை வென்றது அமெரிக்கா இல்லை, பிரித்தானியா. ஆடியது இங்கிலாந்து மண்ணில், தோற்றது அமெரிக்கா. அதைச் சொல்லிவிட்டு உடனே, "ஆனா எங்கடை அணியிலை கனபேர் கனடாவிலை பழகின ஆக்கள். அதையும் சேத்துச் சொல்லவேணும்" என்பார். கிழக்கு லண்டனில், மனோர் பார்க்குக்குத் தெற்கே, கஸ்டம் ஹவுஸ் பக்கத்தில், ஒரு காலத்தில் ஒரு பேஸ்போல் அணி இருந்தது. ஒலிம்பிக்குக்காகப் பெர்லின் போய்க்கொண்டிருந்த அமெரிக்க அணியை அது வழியில் மறித்துத் தோற்கடித்து அனுப்பியது. பெர்லினில் அமெரிக்கர் ஆடிக் காட்டிய ஆட்டத்தைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடியது, ஆனால் கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஆட்டத்தின் விதியே தெரியாது. கியூபாவை ஆண்ட ஸ்பானியர் பேஸ்போலை ஒரு காலத்தில் தடை செய்தார்கள். காளைச் சண்டையை விட்டுவிட்டு அங்கத்தைய ஆட்கள் இதைப் பார்க்கப் போனது அவர்களுக்குக் கிளர்ச்சியாகத் தெரிந்தது. பின்லாந்தில் இன்றைக்கும் ஒரு பேஸ்போல் உண்டு. பந்து போடுகிறவர் அடிக்கிறவருக்குப் பக்கத்திலேயே நின்று பந்தை மேலே எறிவார். "இதுகளைத் தெரிஞ்சு உங்களுக்கு என்ன லாபம்?" என்று புவனா அக்கா கேட்பார். "ஒண்டுமில்லை. ஆனா தெரியாமல் இருக்க ஏலாமல் கிடக்கு" என்பார்.

லண்டனுக்கு அடுத்த சரே பக்கத்தில் ஒரு வீட்டுக் கொட்டிலில் கிடந்து எடுக்கப்பட்ட ஒரு பழைய நாட்குறிப்பைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு இளைஞன் ஈஸ்டர் திங்கட்கிழமை பெண்களோடு சேர்ந்து பேஸ்போல் ஆடியதாகவும், தேநீர் குடித்துவிட்டு எட்டு மணிவரை அங்கேயே இருந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறான். ஒரு ஈஸ்டர் திங்களன்று குணம் அண்ணை என்னையும் புவனா அக்காவையும், அவன் ஆடிய பக்கம் என்று, கில்ஃபோர்டுக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு புல்வெளி, நாயோடு நடக்கும் இரண்டு பேர், மழைத் தூறல். ஒரு வாங்கில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைச் சாப்பிட்டோம்.

"தேத்தண்ணி குடிச்சதைக்கூட எழுதி வைச்சிருக்கிறான்" என்றார் புவனா அக்கா. "அதிலையே தெரியுது அது மெய் எண்டு."

"பனைமட்டையும் அப்பிடித்தானே புவனம்? சனம் அதாலைதானே நம்பினது?"

புவனா அக்கா சம்பலை எடுத்து வைத்துக்கொண்டே சொன்னார். "அவன் ஒருத்தருக்கும் காட்டுறதுக்கு எழுதேல்லை. நீங்கள் காட்டுறதுக்குச் சொன்னனீங்கள்."

குணம் அண்ணை வாயில் வைத்த இடியப்பத்தை மென்று விழுங்க மறந்துவிட்டார். பிறகு கொப்பியை எடுத்து அதை எழுதிக்கொண்டார். பக்கத்தில் 'கேட்டது' என்று போட்டார்.

அமெரிக்கக் கிழவர் ஒருநாள் அவருக்கு ஒரு உண்மையான பேஸ்போல் பந்தை அஞ்சலில் அனுப்பினார். மட்டையைக் கண்டு அத்தனை வருடம் கழித்து வந்து சேர்ந்த பந்து. அதை எங்கே போனாலும் கொண்டு திரிந்தார். மனோர் பார்க் முருகன் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது, அதில் உள்ள சிவப்புத் தையல்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நூற்றெட்டு இரட்டைத் தையல், எல்லாம் கையால் தைப்பது. எங்களுக்கு முன்னால் நின்ற சங்கத் தலைவருக்கு அது காதில் விழுந்துவிட்டது. "நூற்றெட்டோ! முருகா! குணம், இதை நீர் எழுதத்தான் வேணும்!" குணம் அண்ணை பந்தைப் பையில் போட்டுச் சிப்பை இழுத்து மூடினார். "இதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவங்களுக்குத் தோலைத் தைக்க அவ்வளவு தையல் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆரும் வேறை மாதிரிச் சொன்னால் நான் பொறுப்பில்லை." தலைவருக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சாப்பிடும்போது, இதே மனிதர்தான் ஒரு காலத்தில் பனைமட்டையைச் சீவினவர் என்று நினைத்துப் பார்த்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயத்தை அவர் என்னிடம் சொன்னது என்னைக் குத்துவதற்காகத்தான் என்று நினைக்கிறேன். அமெரிக்கர்கள் நூறு வருடங்களுக்கு மேலாகத் தங்கள் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லி வந்தார்கள். பேஸ்போலை ஒரு சின்ன ஊரில் ஒரு இராணுவ அதிகாரி தானாகவே கண்டுபிடித்தார் என்ற கதை. ஒரு குழு உட்கார்ந்து அப்படித்தான் என்று தீர்ப்பும் சொன்னது. அதற்கு ஆதாரம், ஒரு வயதானவர் எழுதிய கடிதம். அந்த அதிகாரி பேஸ்போலைக் கண்டுபிடித்ததாக ஒருநாளும் சொன்னதில்லை. ஆட்டம் இங்கிலாந்திலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ள மனமில்லாமல் அவர்கள் கட்டிய கதை அது. "அந்த ஊரிலை பெரிய அருங்காட்சியகம் இருக்கு, பிள்ளை. இண்டைக்கும் சனம் போய்ப் பாக்குது. கதை பொய் எண்டு அங்கை உள்ள ஆக்களே இப்ப சொல்லுகினம். அவை திருத்திப்போட்டினம். நாங்கள்தான் இன்னும் திருத்தேல்லை."

நான் வாசலில் நின்றேன். அவர் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

பிறகு வந்தது அந்த வருடாந்த விருந்து. உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். 'பேஸ்போல் ஆய்வுச் செம்மல்' என்று பட்டம், பொன்னாடை. முன்கூட்டியே சொல்லியிருந்தால் அவர் வந்திருக்கமாட்டார், அதனால் சொல்லாமலே வைத்தார்கள். பொன்னாடை போர்த்தியதும் அவர் ஒலிவாங்கியை வாங்கினார். "இந்தக் கதை நான் கட்டினது. பெற்றோல் நிலையத்திலை நிண்டு, ஒரு நிமிசத்திலை கட்டினது. யாழ்ப்பாணத்திலை அப்பிடி ஒண்டும் நடந்ததுக்கு ஒரு சான்றும் இல்லை."

மண்டபம் சிரித்தது. பிறகு கை தட்டியது. "என்ன ஒரு தன்னடக்கம்!" என்று என் மேசையில் ஒருவர் சொன்னார். தலைவர் ஒலிவாங்கியை வாங்கி, "அண்ணை எப்பவும் பகிடிதான்" என்றார். குணம் அண்ணை அந்தப் பெரிய மண்டபத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். அவர் சொல்வது உண்மை என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். எழுந்து நின்று, "ஓம், நான்தான் போட்டனான்" என்று ஒரு வரி சொன்னால் போதும். நான் என்னுடைய தட்டில் இருந்த ரோல்ஸைப் பார்த்தேன். அதை இரண்டாகப் பிய்த்தேன். மீண்டும் நிமிர்ந்தபோது அவர் பொன்னாடையை மடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

திரும்பி வரும் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்தோம். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சேற்றைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அமெரிக்காவின் பெரிய ஆட்டங்களில் பயன்படுத்தும் புதுப் பந்து ஒவ்வொன்றுக்கும், ஆட்டத்துக்கு முன் கையால் சேறு பூசுவார்களாம். புதுப் பந்து வழுக்கும், கையில் நிற்காது. அந்தச் சேறு ஒரு ஆற்றங்கரையில் ஒரே ஒரு இடத்திலிருந்து வருகிறது. அந்த இடம் எது என்பது இரகசியம். "எத்தினை கோடிக்காரர் விளையாடுற விளையாட்டு, பாரும். கடைசியிலை ஒரு வாளி சேறு இல்லாட்டில் நடக்காது." அவ்வளவுதான் சொன்னார். என்னை மன்னித்தாரா, மறந்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தபோது மெலிந்து போயிருந்தார். மகள் ஆரணி தலையணையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். அவர் தாளை என்னிடம் நீட்டினார், நாலாவதோ ஐந்தாவதோ பிரதி. "மலரிலை திருத்தம் எண்டு போட்டால் ஒருத்தரும் வாசிக்கமாட்டினம், அது எனக்கு இப்ப விளங்குது. அஞ்சலியைத்தான் எல்லாரும் வாசிப்பினம், தங்கடை பெயர் இருக்கோ எண்டு பாக்க. நீர் எனக்கு அஞ்சலி எழுதுவீர்தானே? அதுக்குள்ளை வையும்." தன்னுடைய சாவையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிக்க ஏலவில்லை. ஓம் என்றேன்.

சுடலையில் பேசத்தான் நினைத்திருந்தேன். குடும்பத்தாரும் என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். ஆனால் அங்கே ஒவ்வொருவருக்கும் குறித்த நேரம்தான். தலைவர் எனக்கு முன் பேசினார். பனைமட்டையில் தொடங்கி ஆசியா முழுவதும் சுற்றி வந்தார். அவர் முடித்தபோது அடுத்த குடும்பம் வாசலில் பூக்களோடு நின்றது. என் நேரம் போய்விட்டது. வெளியே ஆரணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இட்ஸ் ஓகே ஆன்ட்டி. அப்பா சொன்னவர், யு வில் ரைட் இட்" என்றாள். அந்த நம்பிக்கைக்கு நான் தகுதியானவள் இல்லை என்று அவளுக்குத் தெரியாது. குணம் அண்ணைக்குத் தெரியும், தெரிந்துதான் தாளைத் தந்தார்.

அவருடைய கையெழுத்தில் உள்ளது இதுதான்:

"இந்த மலரில் முன்பு வெளிவந்த 'ஆசியாவின் முதல் பேஸ்போல்' என்ற குறிப்பு நான் கட்டியது. அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்தது உண்மை. அவர்கள் அங்கே பேஸ்போல் ஆடியதற்கு நான் ஒரு சான்றும் காணவில்லை. ஆடவில்லை என்பதற்கும் காணவில்லை. பனைமட்டை முழுக்க என்னுடையது. நம்பிய எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். க. குணநாயகம், மிச்சம்."

இதன் கீழே என்னுடையதையும் சேர்க்கிறேன். அதைக் கேட்டு வாங்கி, பொய் என்று தெரிந்து அச்சில் போட்டவள் நான். திருத்தத்தை இத்தனை வருடம் போடாமல் வைத்திருந்தவளும் நான். விருந்தில் அவர் உண்மை பேசியபோது அவரைத் தனியாக நிற்கவிட்டவளும் நான்தான். வசந்தி, தோர்ண்டன் ஹீத்.

இதை எழுதி முடிக்க முதல் மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் இப்போது வேறு நகரத்தில் இருக்கிறான், தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. சான்றிதழ் வாங்கிய கதை பொய் என்று சொன்னேன், எனக்கு அப்போதே தெரியும் என்றும் சொன்னேன். அவன் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "யு ந்யூ, அம்மா?" என்று மட்டும் கேட்டான். ஓம் என்றேன். அந்தக் குரலைக் கேட்பதற்குப் பயந்துதான் இவ்வளவு காலமும் இருந்தேன். கேட்டுவிட்டேன். அது பயந்ததைவிடக் கஷ்டமாகத்தான் இருந்தது.

வைத்துவிடுவான் என்று நினைத்தேன். அவன் வைக்கவில்லை. கொஞ்சம் கழித்து, அப்படியென்றால் அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உண்மையில் என்னதான் விளையாடினார்கள் என்று கேட்டான். என் வாயில் பதில் தயாராக வந்து நின்றது. கிளித்தட்டு என்று சொல்லியிருக்கலாம், கிட்டி என்று சொல்லியிருக்கலாம், கூட ஒரு புளியமரத்தையும் நட்டிருக்கலாம். நம்பியிருப்பான்.

"தெரியாது" என்றேன்.

குணம் அண்ணையிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது இந்த ஒரு சொல்தான். அவர் அதை என் வாசலுக்கு எத்தனையோ தடவை கொண்டுவந்து தந்தார். வாங்கிக்கொள்ள எனக்கு அவர் சாகவேண்டியிருந்தது.